95 விழுக்காடு சரி, மீதி 5 எங்கே?

தட்டம்மைத் தடுப்பூசி 95 விழுக்காடு குழந்தைகளுக்குப் போட்டாயிற்று என்று அறிக்கை வந்தால் எல்லோரும் நிம்மதி அடைகிறோம். விடுபட்ட 5 விழுக்காடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லாத அறிக்கையை வைத்து யாரும் நிம்மதி அடையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் 1000 குழந்தைகள். ஒன்பது வட்டாரங்களில் 98 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்டிருக்கிறார்கள், பத்தாவதில் 68 விழுக்காட்டினர்தான். சராசரி எடுத்தால் சரியாக 95 வரும். தட்டம்மை வந்த ஒருவர், யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்தில் 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுப்பார். 15 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தவணை போட்டால் 97 விழுக்காடு பாதுகாப்பு கிடைக்கும். அப்படியானால் நல்ல வட்டாரங்களில் ஆயிரத்துக்கு சுமார் 49 குழந்தைகளுக்குத்தான் நோய் வர வழி உண்டு. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்குக்கூடப் பரவாமல் தானே அடங்கிவிடும். பத்தாவது வட்டாரத்தில் அந்த எண்ணிக்கை 340. அங்கே ஒருவர் ஐந்து பேருக்குக் கொடுப்பார். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் என்றால், ஒரே மாதத்தில் ஒன்று ஐந்தாகி இருபத்தைந்தாகும். சராசரி இதைக் காட்டவே காட்டாது.

அந்த 95 எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். போட்ட ஊசிகளின் எண்ணிக்கையைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். வகுக்கும் அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கை பழைய மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்தால், புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். சில இடங்களில் விடை 100 விழுக்காட்டைத் தாண்டுவது இதனாலும்தான். அப்படிப்பட்ட எண்ணை 100 என்று திருத்தி எழுதிவிடுவது பெரிய தவறு. அது கொடுக்கும் எச்சரிக்கை அதோடு அழிந்துபோகும்.

அதனால்தான் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் பரப்பிய பழைய முறையில் 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள், ஆக 210 பேர். இதில் கோளாறு வருவது பூட்டிய வீட்டில். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பகல் முழுவதும் தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீட்டில்தான் ஊசி தவறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வீடே கணக்கில் வராமல் போகிறது. மாலையில் ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை திரும்பப் போக வேண்டும். செலவு கூடும்தான், அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் தாயின் நினைவை மட்டும் வைத்துப் பதிந்ததைத் தனியாகக் குறிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்தால் எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று தெரியும். அது ஊசியால் வந்ததா, நோய் வந்து போனதால் வந்ததா என்று தெரியாது.

இன்னொன்று மனதை மிகவும் வருத்துகிறது. "நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள், அப்புறம் எதற்கு ஊசி?" என்று ஒரு வாதம் அடிக்கடி சுற்றுகிறது. 1000 குழந்தைகளில் 980 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள் என்று கொள்வோம். எல்லோரும் நோயாளியோடு பழகினால் போடாதவர்களில் 18 பேருக்கு வரும். போட்டவர்களில் 26 பேருக்கு வரும். ஆக 44 பேரில் 26 பேர் போட்டவர்கள்! ஆனால் போடாதவர்களில் 90 விழுக்காட்டினர் விழுந்தார்கள், போட்டவர்களில் 3 விழுக்காடுகூட இல்லை. இந்த இரண்டையும் ஒப்பிட்டால் கிடைப்பதுதான் தடுப்பூசியின் பலன், 97 விழுக்காடு. நோயாளிகளை மட்டும் எண்ணிவிட்டு, நோய் வராதவர்களை எண்ணாமல் விட்டால் இந்த உண்மை கண்ணில் படாது.

கணக்கிட்ட பலன் 60 விழுக்காடு என்று வந்தால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களில் தேட வேண்டும். முதலில் அட்டையில் உள்ள தேதி. 9 மாதத்துக்கு முன் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் ஊசியில் உள்ள வைரஸைச் செயலற்றதாக்கிவிடக் கூடும். 9 மாதத்தில் போட்டாலே ஒரு தவணைக்கு 85 விழுக்காடு அளவில்தான் பலன், இரண்டாவது தவணை அவசியமாவது இதனால்தான். அடுத்து குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு: 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, குப்பியின் மேல் உள்ள, சூடு பட்டால் நிறம் மாறும் குறியில் உள்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டதா? கடைசியாக, கரைத்த நேரம். தூளாக வரும் இந்த மருந்தைக் கரைத்த பிறகு குளிரில் வைத்து 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். வீணாகிறதே என்று மறுநாளுக்கு எடுத்து வைத்தால் வீரியம் போவதோடு, கிருமி வளர்ந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும்.

அறிக்கை எழுதும் ஆய்வாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி எண் போடுங்கள். வகுத்த எண் எந்த ஆண்டின் கணக்கு என்று சொல்லுங்கள். எத்தனை வீடுகள் கடைசி வரை பூட்டியே இருந்தன என்பதையும் அதே அட்டவணையில் சேருங்கள்.