பாலை யார் பங்குக்கு?

(மார்த்தாண்டம். பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பத்திரமும் டைப் அடிப்பார்கள், பள்ளிக்கூட புராஜெக்டும் செய்து தருவார்கள். ராத்திரி எட்டரை. ஷட்டர் பாதி இறங்கியாச்சு.)

தகப்பன்: அக்கா, பூட்டாதீங்க! பெரிய அநியாயம் நடந்துபோச்சு. ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நல்லதை எல்லாம் நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள். நம்ம தலையில் பொட்டுத் தண்ணீர் இல்லாத மணல்காட்டைக் கட்டிவிட்டார்கள்.

அக்கா: அடப்பாவமே. குனிந்து உள்ளே வாங்க தம்பி. யார் பிரித்தது?

தகப்பன்: டீச்சர்.

அக்கா: மூத்தவங்களா?

தகப்பன்: ரொம்ப மூத்தவங்க. அடுத்த வருஷம் ரிட்டயர்டு.

அக்கா: அதுதானே பார்த்தேன். வீட்டில் ஒருத்தி டீச்சராக இருந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது. யாருக்கு எது?

தகப்பன்: ஒருத்தனுக்கு மலை.

அக்கா: முழு மலையுமா?

தகப்பன்: முழுசும். அருவி, தேன், மூங்கில், மயில் எல்லாம் சேர்த்து.

அக்கா: பேச்சிப்பாறைப் பக்கமாக இருக்கும். வனத்துறைக்காரன் சும்மா விடமாட்டானே.

தகப்பன்: இன்னொருத்தனுக்குக் காடு. மாடும் அவனுக்குத்தான்.

அக்கா: மாடு எத்தனை?

தகப்பன்: அது அவரவர் வசதியாம். நாலு நிறுத்தினால் போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். வயல் போனது டாக்டர் வீட்டுப் பையனுக்கு.

அக்கா: டாக்டர் வீட்டில் பெண்ணெடுத்தவனா? அப்படித்தான் போகும். கடலோரம்?

தகப்பன்: அது ஒரு பெண்பிள்ளைக்கு.

அக்கா: பெண்பிள்ளைக்கும் பாகம் வைத்தாங்களே, அந்த மட்டில் நல்லது. நம்ம ஊரில் நகையைப் போட்டு அனுப்பிவிட்டு, 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று அவளிடமே கையெழுத்து வாங்குவார்கள். எத்தனை சென்ட்?

தகப்பன்: சென்டா? ஆளுக்கு ஒரு அடிக்கு ஒரு அடி.

அக்கா: ஒரு அடிக்கு ஒரு அடியா! அதில் அவள் என்னத்தை வைப்பாள்?

தகப்பன்: படகு, வலை, உப்பளம், சுறா. இடம் மிஞ்சினால் ஒரு புன்னைமரம்.

அக்கா: (காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து) இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா?

தகப்பன்: கரும்பலகையில் எழுதிப் போட்டார்களாம்.

அக்கா: கரும்பலகையில் எழுதினது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. முத்திரைத்தாள் வேண்டும். பிரிக்கும்போது உங்கள் தரப்பில் யார் இருந்தது?

தகப்பன்: யாரும் இல்லை. பையன் இருக்க வேண்டியது, அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். மிச்சம் கிடந்ததை அவன் பேருக்கு எழுதிவிட்டார்கள்.

அக்கா: ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பாகம் வைத்தால் செல்லவே செல்லாது. நாளைக்கே ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுவோம்.

தகப்பன்: பத்து மார்க்குக்கு வக்கீல் நோட்டீஸா?

அக்கா: என்ன மார்க்?

தகப்பன்: ஒன்பதாம் கிளாஸ் தமிழ் அக்கா. ஐந்திணை. குழு புராஜெக்ட். படைப்பூக்கத்தோடு செய்ய வேண்டுமாம். நாளைக்கு ஒன்பதரைக்குள் கொடுக்கணும்.

(பேனா திரும்பக் காதுக்குப் போனது. பத்திரத்துக்கு உள்ள கூலி வேறு, தெர்மாகோலுக்கு உள்ள கூலி வேறு.)

அக்கா: பாலைத் திணைக்கா இவ்வளவு வெப்ராளம்? பையன் எங்கே?

தகப்பன்: டியூஷனில்.

அக்கா: தமிழுக்கா?

தகப்பன்: கணக்குக்கு.

அக்கா: சரி. குழு என்றால் ஐந்து பிள்ளைகளும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேசினார்களா?

தகப்பன்: வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே.

அக்கா: அதில் பிள்ளைகள் உண்டா?

தகப்பன்: பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கலாமா? பத்து பேர், எல்லாம் அப்பா அம்மா. முந்தாநாள் ஒரே சண்டை, வயலுக்கு யார் தண்ணீர் விடுவது என்று. அருவி உங்கள் பக்கம்தானே, நீங்கள்தான் விட வேண்டும் என்று மலைக்காரரிடம் சொன்னேன். அவர் குரூப்பை விட்டே போய்விட்டார்.

அக்கா: இதற்கு வக்கீல் நோட்டீஸே தேவலை.

தகப்பன்: அவர் ஒரு மாதிரி ஆள். குறிஞ்சிக்கு உரிப்பொருள் 'புணர்தலும் புணர்தல் நிமித்தமும்' என்று புத்தகத்தில் இருந்ததா? பெண்பிள்ளை இருக்கிற குழுவில் இதை எப்படி எழுதுவது என்று அடித்துவிட்டார்.

அக்கா: அடித்துவிட்டு?

தகப்பன்: 'உரிப்பொருள்: சுற்றுலா'.

அக்கா: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) முருகனாவது இருக்கிறாரா?

தகப்பன்: இருக்கிறார். டிக்கெட் கவுண்டர் பக்கத்தில். அதை விடுங்க, நம்ம விஷயத்துக்கு வாங்க. எனக்கு ஒரு ஒட்டகம் வேண்டும்.

அக்கா: ஒட்டகம் எதற்கு?

தகப்பன்: பாலை என்றால் ஒட்டகம் இல்லாமலா? மச்சினன் சவூதியில் இருந்து போட்டோவே அனுப்பிவிட்டான்.

அக்கா: நம்ம பாலை சவூதி இல்லை தம்பி. வெயிலில் காய்ந்துபோன மலையும் காடும். தெய்வம் கொற்றவை. செந்நாய், பருந்து, தண்ணீர் கிடைக்காமல் மெலிந்துபோன யானை. இவ்வளவுதான்.

தகப்பன்: மெலிந்த யானைக்கு நான் எங்கே போவேன்? கடையில் குண்டு யானைதான் விற்கிறான்.

அக்கா: ரெண்டு நாள் உங்கள் வீட்டில் கட்டிப் போடுங்க.

தகப்பன்: அப்போ ஒட்டகம்?

அக்கா: வேண்டாம்.

தகப்பன்: நியாயத்தைச் சொல்லுங்க அக்கா. மலை, காடு, வயல், கடல் நாலும் உள்ள ஜில்லா என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். இல்லாத ஒன்றைப் பார்த்து என் பையன் தலையில் கட்டினால் எப்படி?

அக்கா: தொல்காப்பியரே பாலைக்குத் தனியாக நிலம் எழுதவில்லை. 'நடுவணது ஒழிய' என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, மிச்சம் நாலுக்குத்தான் உலகத்தைப் பாகம் வைத்தார். அந்தப் புத்தகத்தைக் கேட்டுச் சரிபார்த்தவர் அதங்கோட்டு ஆசான். அதங்கோடு எங்கே இருக்கிறது?

தகப்பன்: நம்ம களியக்காவிளைப் பக்கம். என் சகலை வீடே அங்கேதான்.

அக்கா: அங்கே போய்க் கேட்காமல் என்னிடம் ஏன் வந்தீங்க?

தகப்பன்: ஆசான் இந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பாரா?

அக்கா: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு) பையன் எங்கே தம்பி?

தகப்பன்: டியூஷனில்.

அக்கா: சரி.

தகப்பன்: உங்களுக்கு எப்படி அக்கா இவ்வளவும் தெரியும்?

அக்கா: வருஷா வருஷம் நான்தானே டைப் அடிக்கிறேன். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டிய ஐந்திணையை எல்லாம் நானே படித்து முடித்துவிட்டேன். மார்க்கை மட்டும் வேறு யாருக்கோ போடுகிறார்கள்.

தகப்பன்: அடியில் கொட்டை எழுத்தில் 'மாணவர் கைவண்ணம்' என்று அடித்துவிடுங்க.

அக்கா: அடிக்கலாம். வலது கையா, இடது கையா?

தகப்பன்: கிண்டல் வேண்டாம் அக்கா. இல்லாத திணையை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்கா: இல்லை என்று யார் சொன்னது? பாலை எப்படி உண்டாகும் என்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பு கெட்டுப்போனால் அதுதான் பாலை. வெளியே எட்டிப் பாருங்க. அந்த டாரஸ் லாரியில் போகிறது என்ன?

தகப்பன்: கல்.

அக்கா: எங்கே இருந்து?

தகப்பன்: மலையில் இருந்து.

அக்கா: எங்கே போகிறது?

தகப்பன்: கேரளாவுக்கு.

அக்கா: மலைக்காரன் பங்கு அப்படிப் போகிறது. வயல்காரன் பங்கு என் மேஜையில் கிடக்கிறது பாருங்க. காலையில் இருந்து நான் ஜெராக்ஸ் போட்ட பத்திரத்தில் நஞ்சைதான் அதிகம். எல்லாம் ஐந்து சென்ட், ஆறு சென்ட், நடுவில் பன்னிரண்டு அடிப் பாதை. அத்தனையும் சென்ட் சென்டாக உங்கள் பையன் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருக்கிறது. கொஞ்ச வருஷம் பொறுத்தால் அந்தக் குழுவிலேயே பெரிய சொத்து அவனுக்குத்தான்.

தகப்பன்: (தாடையைச் சொறிந்தபடி) இதையும் அட்டையில் எழுதினால் கூடுதல் மார்க் உண்டா?

அக்கா: உள்ளதும் போகும்.

தகப்பன்: அப்போ ஒட்டகமே...

அக்கா: அந்த எழவு ஒட்டகத்தை விடுங்க தம்பி! உங்கள் மூத்த மகள் ஒன்பதாம் கிளாஸ் படிக்கும்போது இதே பாலை, இதே கடை. ஓர்மை இருக்கிறதா? ஃபைல் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கிறது. பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் போடுகிறேன். காசும் குறையும்.

தகப்பன்: அவளுக்கும் பாலையா? எனக்கே மறந்துபோச்சே. அப்போது எத்தனை மார்க்?

அக்கா: ஒன்பது. ஒன்று குறைந்துபோச்சு என்று இங்கே வந்துதான் சண்டை போட்டீங்க.

தகப்பன்: ஆமாம் ஆமாம்! அந்த ஒரு மார்க் ஏன் போச்சு?

அக்கா: ஒட்டகம்.

தகப்பன்: (ரொம்ப நேரம் யோசித்து) இந்தத் தடவை கொஞ்சம் சின்னதாக வைப்போம்.