பிளேயல் வருவதற்கு முன்பே

"மயோர்காவில் நல்ல பிளேயல் பியானோ வந்த பிறகுதான் ஷோப்பான் பிரெலூடுகளை எழுதினார், கோளாறான பியானோவில் மெல்லிய இசை எடுபடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ஷோப்பான் போலந்து இசையமைப்பாளர்; பிளேயல் பாரிஸ் பியானோ நிறுவனம்; பிரெலூடு என்றால் பியானோவுக்கான சின்ன இசைத்துண்டு.) தேதி இடிக்கிறதே. ஷோப்பான் அந்த ஸ்பானியத் தீவுக்குப் போனது 1838 நவம்பரில். பிளேயல் தீவின் துறைமுகமான பால்மாவில் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, ஜனவரியில்தான் அவர் தங்கியிருந்த வால்தெமோசா மடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த ஜனவரி 22-ஆம் தேதியே 24 பிரெலூடுகளையும் பாரிஸுக்கு அனுப்பிவிட்டார். சில முன்பே பிரான்சில் எழுதியவை. மிச்ச வேலை பெரும்பாலும் எரிச்சலூட்டும் ஓர் உள்ளூர்ப் பியானோவில்தான் நடந்தது. அவருடன் அங்கே இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அதைச் சொல்லியிருக்கிறார்.

எடுபடாது என்பதும் சரியில்லை. என் வீட்டுப் பழைய பியானோவில் சுத்தியல் ஃபெல்ட் இறுகிப்போய் ஒலி கூராக வரும். ரொம்ப மெதுவாகத் தொட்டால் நடுவில் இரண்டு கட்டைகள் பேசவே பேசாது. நாலாவது பிரெலூடில் இடது கை கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) திரும்பத் திரும்ப வாசிக்கும் இடத்தில் முதலில் பாதி ஸ்வரம் விழுங்கிவிடும். அப்புறம் வேகத்தைக் குறைத்து, விரலை எடுக்காமலே கட்டையை நன்றாக எழவிட்டு அழுத்தினேன், எல்லாம் ஒலித்தது. கடைசி வரிகளில் பியானிஸ்ஸிமோ (மிக மெல்லிய ஒலி) கிடைக்காது, பியானோ (மெல்லிய ஒலி) கிடைக்கும். எனக்கு அது போதும்.