மூடியில் போட்ட ஓட்டை

வளவுக்குள் பழைய பரலில் இறைச்சி புகைபோட அடுப்பு செய்தேன். மூடிக்கு முள்ளு வெப்பமானி ஒன்றை யாழ்ப்பாண நகரில் தேடி வாங்கினால், எத்தனை மில்லிமீற்றரில் துளை போடுவது என்று பெட்டியில் ஒரு சொல் இல்லை! சரி, சின்னத் துளையில் தொடங்கிப் பெருப்பித்து, உள்ளே நட்டை இறுக்கினேன். கொதிதண்ணீரில் 100 பாகை சரியாகத்தான் காட்டியது. ஆனால் மூடியின் உச்சியில் இருப்பது மேலே திரளும் சூட்டைத்தானே சொல்லும்? இறைச்சி கிடப்பது கீழே, கம்பித்தட்டில். எனக்கு 110 பாகை வேண்டியது அங்கே. முள்ளை நம்பி மூன்று மணித்தியாலம் காத்திருந்து வெட்டினால், ஆட்டுத்தொடை எலும்பருகில் இன்னும் சிவப்பு. சிரட்டைக்கரியும் முடிந்துவிட்டது. கம்பித்தட்டுக்குக் கிட்டப் பூட்டுங்கோ என்று விற்பவர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தகரத்தில் போட்ட ஓட்டையை இனி என்ன செய்வது?