பத்திரிகையாளர் சந்திப்பு இல்லாத காதல் கதை வேண்டும்

இப்போது வரும் ஆண்-ஆண் காதல் நாவல்களை ஆசையாகப் படிக்கிறவன் நான். அதனால்தான் இந்தச் சண்டை. சில கதைகளின் முடிவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்; படிக்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

வார்ப்பு இதுதான்: ஒருவன் பிரபலம். விளையாட்டு வீரன், பாடகன், இளவரசன், ஏதோ ஒன்று. தான் ஆண்களைக் காதலிப்பவன் என்பதை ஊருக்குச் சொல்லாதவன். மற்றவன் சாதாரண வேலையில் இருப்பவன், வீட்டிலும் நண்பர்களிடமும் எப்போதோ சொல்லிவிட்டவன். முக்கால் புத்தகம் வரை நன்றாகப் போகும். அப்புறம் அந்த வசனம் வரும்: "எத்தனை நாளைக்கு உன்னோடு நானும் ஒளிந்து வாழ்வது?" பிரிவு, இரண்டு அத்தியாயம் அழுகை. பிறகு பிரபலம் திருந்துவார். கேமராக்களும் ஒலிவாங்கிகளும் ஆயிரக்கணக்கானவர்களும் பார்த்திருக்க ஒரு முத்தம். சுபம்.

அந்தச் சுபத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. அது சும்மா கிடைத்ததும் இல்லை. 1956இல் வந்த ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானிஸ் ரூம்' நாவலில் காதலன் ஜியோவானிக்குக் கிடைப்பது தலையை வெட்டும் கில்லட்டின். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1913-14இல், இ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை எழுதி இரண்டு ஆண்களைச் சேர்த்துவைத்தார். மகிழ்ச்சியான முடிவு இருந்தே தீர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். யாராவது தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் சிக்கலே இருந்திருக்காது என்று பின்னாளில் கசப்போடு குறித்தும் வைத்தார். நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் கையெழுத்துப் பிரதியைக் காட்டினார். இங்கிலாந்தில் ஆண்-ஆண் உறவைக் குற்றமாக்கிய சட்டம் தளர்ந்தது 1967இல். அப்போதும் அவர் வெளியிடவில்லை. 1970இல் இறந்தார், 1971இல் புத்தகம் வந்தது. சமர்ப்பணப் பக்கத்தில் மனிதர் யாருடைய பெயரும் இல்லை, இதைவிட மகிழ்ச்சியான ஓர் ஆண்டுக்கு என்று மட்டும் இருக்கிறது.

ஆக, இந்த வகை நாவலுக்கு மகிழ்ச்சியான முடிவைத் தந்த முன்னோர்களில் ஒருவர், தானும் ஆண்களைக் காதலிப்பவர் என்று வாழ்நாள் முழுக்கப் பொதுவெளியில் வாய் திறக்காதவர். இன்றைய நாவல் ஒன்றில் அவர் பாத்திரமாக வந்தால் என்ன ஆகும்? இருபதாம் அத்தியாயத்தில் காதலன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். வாசகர்களும் அவன் பக்கம்தான் நிற்பார்கள்.

என் கோபம் இங்கேதான். சொல்லாமல் இருப்பவனைக் கோழை என்று கதை தீர்ப்பெழுதுகிறது. வேலை, குடும்பம், உயிர் பயம், அல்லது வெறுமனே 'இது என் சொந்த விஷயம்' என்ற எண்ணம், எதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. காதலை நிரூபிக்க ஊரைக் கூட்டு என்கிறது. ஆண்-பெண் காதல் நாவல் எதிலாவது நாயகன் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்திக் காதலை நிரூபிக்க வேண்டியிருக்கிறதா?

ரேச்சல் ரீட் எழுதிய ஐஸ் ஹாக்கி நாவல்களைப் பாருங்கள். 2018இல் வந்த 'கேம் சேஞ்சர்' அச்சு அசலாக நான் மேலே சொன்ன வார்ப்பு: கோப்பையை வென்ற கேப்டன், பனித்தரையிலேயே, அத்தனை பேர் முன்னால் காதலனை முத்தமிடுகிறான். அடுத்த ஆண்டு அதே தொடரில் வந்த 'ஹீட்டட் ரைவல்ரி' வேறு ரகம். எதிரெதிர் அணியின் நட்சத்திரங்கள் ஷேனும் இலியாவும் ஆண்டுக்கணக்கில் ஹோட்டல் அறைகளில் சந்திக்கிறார்கள். ஒருவன் தொலைபேசியில் மற்றவன் 'லில்லி', அவன் தொலைபேசியில் இவன் 'ஜேன்'. குறுஞ்செய்தி வரும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் ஏதோ ஒரு பெண் என்றுதான் நினைப்பார். அந்த இரண்டு பெயர்களில் இருக்கும் பயமும் குறும்பும் எந்த மேடைப் பேச்சிலும் எனக்குக் கிடைத்ததில்லை. முந்தைய புத்தகத்தின் கேப்டன் ஊரறிய முத்தமிடுவதை இவர்களும் பார்க்கிறார்கள். மனம் அசைகிறது. ஆனாலும் நாவல் முடியும்போது விஷயம் தெரிந்தவர்கள் ஷேனின் பெற்றோரும் மிகச் சிலரும்தான். மீதியெல்லாம் பொறுமையான திட்டம்: யார் எந்த ஊர் அணிக்கு மாறுவது, சேர்ந்து தென்பட என்ன காரணம் சொல்வது. எனக்கு அது போதுமான சுபமாக இருந்தது. 2025 இறுதியில் அது தொலைக்காட்சித் தொடராக வந்து கொண்டாடப்பட்டபோது உள்ளூர ஒரு திருப்தி.

கேஸி மெக்குவிஸ்டனின் 'ரெட், வைட் அண்ட் ராயல் ப்ளூ'வில் அமெரிக்க அதிபரின் மகனும் பிரிட்டிஷ் இளவரசனும் காதலர்கள். அவர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு அம்பலமாகின்றன. அதைக் குற்றம் என்றே அந்த நாவல் சொல்கிறது, அது நேர்மை. ஆனால் எல்லாம் நன்மைக்கே என்பதுபோல் கடைசியில் அதிபரான அம்மா தேர்தலிலும் வென்றுவிடுகிறார். அங்கே நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் முனகினேன்.

கதைதானே, போகட்டும் என்று விடலாம். விட முடியாதபடி இந்தப் பழக்கம் பக்கங்களைத் தாண்டி வந்துவிட்டது. பள்ளி மாணவன் ஒருவன் மிரட்டப்பட்டு அம்பலப்படுத்தப்படும் கதையை 2015இல் எழுதியவர் பெக்கி ஆல்பர்டல்லி. ஆண்களை மட்டுமே விரும்பும் பெண் என்று அவரை நினைத்து, 'உனக்கு இதை எழுத என்ன தகுதி' என்று ஆண்டுக்கணக்கில் குடைந்தார்கள். 2020இல், தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று எழுத வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். பள்ளி மாணவர்கள் இருவரின் காதலைச் சொல்லும் 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொடரில் நடித்த கிட் கானருக்கு 2022இல் வயது 18. ஒரு பெண்ணின் கையைப் பிடித்தபடி காணப்பட்டார் என்பதற்காக ரசிகர்கள் துளைத்தெடுத்து அவரையும் சொல்லவைத்தார்கள். யாரையும் அவசரப்படுத்தாதே என்று சொல்லும் கதையின் ரசிகர்கள்!

பெண்கள் இவற்றை எழுதலாமா என்ற வழக்கமான பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. நன்றாக எழுதினால் எழுதட்டும். (படுக்கையறைக் காட்சிகளை மட்டும் பாதியாகக் குறைத்தால் கதைக்கு ஒன்றும் ஆகாது.)

ஒளிந்து வாழும் ஒருவனைக் காதலிப்பவனின் வலி பொய்யில்லை. தெருவில் முன்பின் தெரியாதவன்போல் கடந்துபோக வேண்டியிருப்பது கொடுமைதான். அதை முழுசாக எழுதுங்கள். ஆனால் அதற்கான பில்லைச் சொல்லாதவன் தலையில் மட்டும் கட்டாதீர்கள். அவனைச் சொல்லவிடாத அணி நிர்வாகமும் விளம்பர நிறுவனமும் அரண்மனையும் எப்படித் தப்பிக்கின்றன? முத்தம் முடிந்ததும் எல்லாரும் கைதட்டுகிறார்கள், கணக்கு நேராகிவிடுகிறது.

ஐம்பது வயதைக் கடந்த இருவர், யாரிடமும் அறிவிக்காமலே கடைசிப் பக்கம் வரை சந்தோஷமாக இருக்கும் நாவல் ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். மைதானம், மேடை, ஒலிவாங்கி இருந்தால் வேண்டாம்.