ஸ்கேல் கொடுத்தால் யாரும் போடலாமாம்

நேற்றிலிருந்து அந்தப் பதிவை எனக்கு அனுப்பாத ஆளில்லை. வெறும் கோடுகளாலேயே ஓவியம் போட்ட இந்திய ஓவியர் நஸ்ரீன் மொஹமதியின் படம் ஒன்றைப் போட்டு, "ஸ்கேல் கொடுத்தா என் யூகேஜி பையனே போடுவான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான். சிரிப்புக்குறி போட்டவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்களில் யாராவது வாழ்க்கையில் ஒருமுறை மையில் நேர்கோடு போட்டதுண்டா? பால்பாயிண்ட் கணக்கில் வராது.

நான் போட்டிருக்கிறேன். 1990இல் டிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது கட்டட பிளான்களைக் கையால் வரைகிறவனாக, வேலைக்குச் சேர்ந்தவன். ரோட்ரிங் என்கிற மெல்லிய முனை மைப்பேனா, டிரேசிங் ஷீட், செட் ஸ்கொயர். ஸ்கேல் ஷீட்டோடு படிந்து கிடந்தால் மை அடியில் ஊறிவிடும் என்று டேப் ஒட்டித் தூக்கி வைப்போம். பேனாவை வைத்த இடத்தில் கொஞ்சம் தயங்கினாலும் பொட்டு விழும். மே மாதத்தில் விரல் வியர்வை பட்ட இடத்தில் மை பிடிக்காது. தப்பானால் பிளேடால் சுரண்ட வேண்டும். அழுத்திவிட்டால் ஷீட் ஓட்டை, மூன்று நாள் வேலை போச்சு. முதல் ஆறு மாதம் சீனியர் என்னை பார்டர் கோடு தவிர எதையும் தொட விடவில்லை. யூகேஜி பையனாம்!

2013இல் டெல்லியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாகேத்தில் ஒரு மாலுக்குள் கிரண் நாடார் அருங்காட்சியகம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கத்தான் நுழைந்தேன், கலைதாகம் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். உள்ளே நஸ்ரீனின் கோடுகள். பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே கிடையாது. எனக்கு ரசிக்கத் தெரியாது, செக் பண்ணத்தான் தெரியும். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, கோடு ஆரம்பிக்கும் இடத்தில் பொட்டு இருக்கிறதா என்று தேடினேன். காவலாளி இரண்டு முறை பின்னால் போகச் சொன்னார். நான் தேடியவரை ஒன்றுகூட இல்லை. சாய்கோடுகள் ஒரு பக்கம் அடர்ந்து, போகப் போக மெலிந்து, மையா பென்சிலா என்று சொல்ல முடியாமல் தாளிலேயே கரைந்துபோயிருந்தன. எங்கள் கையில் இருந்த அதே மாதிரி சாமான்கள்தான். அதை வைத்து நாங்கள் செப்டிக் டேங்க் வரைந்தோம்.

இத்தனைக்கும் நஸ்ரீனுக்கு நரம்பு நோய். உடம்பு சொன்னபடி கேட்காமல் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கோடுகள் இன்னும் குறைந்து, இன்னும் துல்லியமாகியிருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம் இறந்துபோனார்.

சரி, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கும் பாதி புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்பது வேறு, யாரும் போடலாம் என்பது வேறு. உருவம் வரையத் தெரியாதவர்கள்தான் கோடு போடுகிறார்கள் என்கிறார் ஒருவர். ஐயா, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் படித்துவிட்டு வந்து, 1960களில் செடியும் மரமும் மையில் தீட்டியவர் நஸ்ரீன். 1972 முதல் பரோடாவில் ஓவியப் பாடம் எடுத்தவர். ஃபத்தேபூர் சிக்ரியையும் சண்டிகரையும் கேமராவில் எடுத்துவைத்தார், உயிரோடு இருந்தவரை அந்தப் படங்களைக் காட்சிக்கே வைக்கவில்லை. கட்டடத்திலிருந்து கல்லையும் சுண்ணாம்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோடு. பிளான் பார்த்துப் பழகியவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோடிக்கணக்கில் விற்கிறார்களே என்றால், விற்கிறவர்களைப் போய்க் கேளுங்கள். நியூயார்க் மெட் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தபோது அவர் ஓவியங்களை வைத்தது 2016இல். அவர் போய் 26 வருஷம் ஆகியிருந்தது. அவர் கைக்கா வந்தது உங்கள் கோடி?

கோபம் எனக்கு ஏன் இவ்வளவு என்று வீட்டிலும் கேட்கிறார்கள். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமா கேட்டார், "கோடு போடுறதுக்கா தம்பி சம்பளம் தர்றாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற ஆட்டோகேட் வந்தது. பதினோரு பேர் இருந்த டிராயிங் ஹாலில் மூன்று பேர் மிஞ்சினோம், மேசைகளை எடைக்குப் போட்டார்கள். அன்றைக்கும் ஒருத்தர் சொன்னார், "இனிமே யார் வேணா போடலாம் சார்."

பதிவு போட்ட நண்பருக்கு: என்னிடம் 0.2 மில்லிமீட்டர் ரோட்ரிங் பேனா ஒன்று இன்னும் இருக்கிறது. அடைத்துக்கொண்டிருக்கிறது, வெந்நீரில் ஊறப்போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஷீட் நான் வாங்கி வைக்கிறேன். இருபது கோடு, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, பொட்டு விழக் கூடாது. போட்டுவிட்டானென்றால் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன். பிளேடு மட்டும் தர மாட்டேன், குழந்தை கை.