ஆல்ஃபா மட்டும் போதாது

"சீனப் பெண் காவலர்களிடம் ஆல்ஃபா (கேள்வித்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் எண்) 0.8-ஐத் தாண்டியது, ஆகவே பத்துக் கேள்வி மன அழுத்த அளவுகோலின் சீன வடிவம் நிரூபணமாகிவிட்டது, 20-க்கு மேல் எடுத்தால் நோய்" என்று ஒருவர் எழுதிய கருத்து தவறு. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் ஆல்ஃபா சொல்லும். அளப்பது மன அழுத்தத்தைத்தானா என்றறிய, எந்தெந்தக் கேள்விகள் ஒரே குழுவாக (காரணியாக)ச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். பதற்றம், மனச்சோர்வு அளவுகோல்களோடு ஒப்பிடவும் வேண்டும்.

இந்த அளவுகோலில் 4, 5, 7, 8-ஆம் கேள்விகள் நேர்மறைக் கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் என்பதால், இவற்றில் மட்டும் 0-ஐ 4 ஆக, 1-ஐ 3 ஆக என்று திருப்பிப் போடணும். மறந்தால் மொத்த மதிப்பெண்ணே குப்பை. ஒழுங்காகத் திருப்பினாலும் இவை பெரும்பாலும் தனிக் காரணியாகத்தான் பிரியும்.

நோய்க்கு 20 என்ற எல்லை எங்கிருந்து வந்ததோ! 0 முதல் 40 வரை செல்லும் இது நோய் கண்டறியும் கருவியே அல்ல. அதுவும் படிவத்தை மேலதிகாரி கையில் கொடுக்கச் சொன்னால், அழுத்தம் இருப்பவரும் குறைத்துத்தான் எழுதுவார்.