நிறையத் தெரிந்தவர்கள் குறைவாக வாசித்த இரண்டு நாட்கள்

போன வாரம் நண்பன் ஒருவனோடு ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். காபி 280 ரூபாய். அதனால் மெதுவாகவே குடித்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஸ்பீக்கரில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டதைப் பார்த்து, "என்னடா, தெரிஞ்ச பாட்டா?" என்றான். சொன்னேன். அவனும் இரண்டு நிமிடம் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு. தொந்தரவே பண்ணல" என்றான்.

சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைவிடக் கோபம், அவன் சொன்னது பொய்யில்லை என்பதில். உலகம் முழுக்கக் காபிக் கடைகளிலும் ஹோட்டல் வரவேற்பறைகளிலும் இந்தப் பாட்டு இருக்கும் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் ஓடுவது அது யாரையும் தொந்தரவு செய்யாது என்பதால்தானே? அன்று எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் அவனோடு வாதாடிக்கொண்டே வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டே நாட்களில் பதிவான ஆல்பம். நியூயார்க்கின் 30ஆவது தெருவில், ஒரு பழைய தேவாலயக் கட்டிடத்தில் கொலம்பியா நிறுவனம் வைத்திருந்த ஸ்டூடியோ. ட்ரம்பெட் மைல்ஸ் டேவிஸ். டெனர் சாக்சஃபோன் ஜான் கோல்ட்ரேன், ஆல்ட்டோ கேனன்பால் ஆடர்லி. பியானோ பில் எவன்ஸ், பேஸ் பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஜிம்மி காப். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பியானோவில் வின்டன் கெல்லி. மொத்தம் ஐந்து பாட்டு, முக்கால் மணி நேரம். (பாட்டு என்பது பழக்க தோஷம். யாரும் வாய் திறப்பதில்லை.) 2009 டிசம்பரில், ஆல்பத்துக்கு 50 வயதானதைக் கொண்டாடி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் தீர்மானமே போட்டார்கள். ஆதரவு 409, எதிர்ப்பு பூஜ்ஜியம்.

எதிர்ப்பு பூஜ்ஜியம் என்றதும் எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் வரும். எல்லோருக்கும் பிடிக்கிறது என்றால் அதில் காரமே இல்லையோ? ஜாஸ் பக்கமே போகாதவர்கள் வீட்டிலும் ஒரே ஒரு ஜாஸ் தட்டு இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். 'முதலில் இதைக் கேளுங்கள்' பட்டியல்களில் எப்போதும் முதலிடம். அதனாலேயே நான் சில வருடங்கள் இதை ஒதுக்கி வைத்திருந்தேன். அது வீம்பு என்று இப்போது தெரிகிறது.

சின்ன வயதில் நான்கு வருடம் வாய்ப்பாட்டு கற்றேன். வர்ணத்தோடு நின்றுவிட்டது, ஆனாலும் காது கொஞ்சம் தேறியது. 'ஸோ வாட்' பாட்டை முதன்முறை ஒழுங்காகக் கேட்ட அன்று, பேஸ் ஒரு கேள்வி கேட்க மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்ல, ஏதோ தெரிந்த வீட்டுச் சமையல் வாசனை மாதிரி இருந்தது. கீபோர்டில் தட்டிப் பார்த்தால் அப்படியே கரகரப்ரியாவின் சுரங்கள். மேற்கத்திய இசையில் இந்தச் சுரவரிசையை டோரியன் என்பார்கள். அதற்காக அது கரகரப்ரியா ராகம் என்று சொல்லிவிட முடியாது. சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் கரகரப்ரியா ஏது? சுரங்கள் ஒன்று, அவ்வளவுதான். 16 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, இங்கே நாலு எண்ணிக்கை) அந்தச் சுரங்களிலேயே போகிறது. அப்புறம் 8 பாருக்கு மொத்த வண்டியும் அரைச் சுரம் மேலே ஏறிக்கொள்கிறது, தம்புராவை யாரோ பாதியில் தூக்கி வேறு கட்டையில் வைத்த மாதிரி. கடைசி 8 பாருக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. இந்த 32 பார்தான் திரும்பத் திரும்ப ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நம் கச்சேரியில் இப்படிச் சுருதியை மாற்றினால் அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்கள். இங்கே அந்த ஏற்றம் வரும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிர்கிறது.

என் நண்பனுக்கு இதெல்லாம் எளிமையாகத்தான் தெரியும். உண்மையிலேயே எளிமைதான். ஆனால் எளிமையாக வாசித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இவர்கள் வளர்ந்தது பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் பள்ளியில். அதில் கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்துகள்) விடாமல் மாறிக்கொண்டே இருக்கும், சில இடங்களில் ஒரு பாருக்கு இரண்டு. வாசிப்பவர் ஒவ்வொரு மாற்றத்தையும் பிடித்தாக வேண்டும், அதுவும் ஓடிக்கொண்டே. மைல்ஸ் 1945இல், 19 வயதில், சார்லி பார்க்கரின் குழுவில் சேர்ந்து அந்த ஓட்டத்தை ஓடியவர். 1958இல் 'மைல்ஸ்டோன்ஸ்' தலைப்புப் பாட்டில் கார்டுகளைக் குறைத்து, ஒரே சுரவரிசையில் நீண்ட நேரம் நின்று பார்த்தார். பிடித்திருந்தது போல. அடுத்த வருடம் முழு ஆல்பத்தையும் அந்தத் திசையில் திருப்பினார்.

இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் கோல்ட்ரேன்தான். இங்கே ஒரே சுரவரிசையில் 16 பார் பொறுமையாக நின்று வாசிக்கிறாரே, அவர் ஏப்ரல் 22 கழிந்து இரண்டே வாரத்தில், மே முதல் வாரத்தில், வேறு நிறுவனத்துக்காக 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டைப் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள். கார்டுகள் மூச்சுவிட இடம் தராமல் வந்து விழுகின்றன, மனிதர் ஒன்றையும் விடாமல் ஒவ்வொன்றின் மேலும் ஏறி ஓடுகிறார். இன்றைக்கும் ஜாஸ் மாணவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அதையும் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த ஆல்பத்தில் இவர் இப்படி அடக்கி வாசித்தார். வேகமாக ஓடத் தெரியாதவர் நடப்பதைப் பார்ப்பதும், ஓடத் தெரிந்தவர் நடப்பதைப் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. நடையிலேயே தெரிந்துவிடும்.

மூன்று ஊது வாத்தியக்காரர்களும் மூன்று குணம். மைல்ஸ் நாலு சுரம் வாசித்துவிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பவர். கோல்ட்ரேன் கிணறு வெட்டுகிறவர், ஒரே இடத்தில் தோண்டிக்கொண்டே போவார். ஆடர்லி கல்யாண வீட்டுக்கு வந்த மாமா. அவர் வந்ததும் கூடம் கலகலக்கும். மூவரும் ஒரே மாதிரி வாசித்திருந்தால் பத்தாவது நிமிடமே அலுத்திருக்கும் என்று நினைக்கிறேன். 'ப்ளூ இன் கிரீன்' பாட்டில் இந்த மாமா ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆல்ட்டோக்காரர்களில் ஒருவர், ஐந்தரை நிமிடம் சும்மா இருக்கிறார். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்த பாட்டும் அதுதான். மியூட் (ஒலியை அடக்கும் மூடி) போட்ட ட்ரம்பெட், பத்து பாருக்கு ஒருமுறை தன்னையே சுற்றி வரும் அமைப்பு. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று பிடிபடாது. இசைத்தட்டில் அதை இயற்றியவராக மைல்ஸ் பெயர்தான் போட்டிருக்கிறது. எவன்ஸ் அது தன்னுடையது என்று சொல்லிவந்தார். கேட்டால் நானும் எவன்ஸ் பக்கம்தான் சாய்வேன்.

எவன்ஸ் அப்போது இந்தக் குழுவிலேயே இல்லை, முந்தைய நவம்பரிலேயே விலகியிருந்தார். குழுவின் பியானோக்காரர் கெல்லி. இந்தப் பதிவுக்கென்று மைல்ஸ் எவன்ஸைத் திரும்ப அழைத்தார். மார்ச் 2 அன்று கெல்லி ஸ்டூடியோவுக்கு வந்து பார்க்கிறார், தன் இடத்தில் இன்னொருவர். எப்படி இருந்திருக்கும்? ஆனால் அன்று முதலில் பதிவானது கெல்லி வாசித்த 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' தான். முன்பெல்லாம் அதைத் தாண்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவேன், வெறும் 12 பார் ப்ளூஸ், எல்லோரும் வாசிக்கும் வடிவம்தானே என்று. இப்போது அப்படியில்லை. மற்ற நான்கு பாட்டிலும் ஜன்னலோரம் மழை பார்த்துக்கொண்டிருக்கும் ஆல்பம், கெல்லி வந்ததும் எழுந்து தெருவில் இறங்கி நடக்கிறது.

'எல்லாமே முதல் டேக்', அதாவது முதல் தடவை வாசித்ததே பதிவானது, என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு வித்திட்டது எவன்ஸ் ஆல்பத்தின் அட்டையில் எழுதிய சிறு கட்டுரை. ஜப்பானிய ஓவியர்கள் மெல்லிய தாளில் தூரிகையை நிறுத்தாமல் இழுத்து வரைவதை ஒப்பிட்டு எழுதியிருந்தார். கை தயங்கினால் கோடு கெட்டுவிடும், அழிக்கவும் முடியாது. அழகான உவமைதான். ஆனால் ஸ்டூடியோ நாடாக்களில் பாதியில் நின்ற ஆரம்பங்கள் பல இருக்கின்றன, 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' இரண்டு முறை முழுசாக வாசிக்கப்பட்டது. ஆல்பத்தில் இருப்பது இரண்டாவது. இதில் குறைவொன்றும் இல்லை.

இன்னொரு விஷயம் சொன்னால் சுருதி சுத்தம் பார்ப்பவர்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். மார்ச் 2 அன்று நாடா ஓட்டிய கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டி இசைத்தட்டு அச்சடித்ததால், முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் வாசித்ததைவிடச் சற்று வேகமாக, சற்று மேல் சுருதியில் வெளிவந்தன. 1992இல்தான் திருத்தினார்கள். 30 வருடத்துக்கு மேல் உலகமே 'ஸோ வாட்' பாட்டை இல்லாத ஒரு கட்டையில் கேட்டு உருகியிருக்கிறது! கூடவே வாசித்துப் பழகியவர்கள் பியானோவோடு சேரவில்லையே என்று தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம்.

சரி, 'தொந்தரவே பண்ணல' என்பதற்கு வருகிறேன். ஆல்பம் வெளிவந்தது 1959 ஆகஸ்ட் 17. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, நியூயார்க்கில் பேர்ட்லேண்ட் கிளப்பில் மைல்ஸ் குழுவின் கச்சேரி. இடைவேளையில் வெளியே வந்து ஒரு பெண்ணை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் நகரச் சொன்னார். நான் இங்கேதான் வாசிக்கிறேன், அதோ என் பெயர் என்று பலகையைக் காட்டினார். விளைவு, மண்டையில் அடி, தையல், கைது. சட்டையெல்லாம் ரத்தத்தோடு இருக்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. பிற்பாடு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். இது தெரிந்த பிறகு அந்த அமைதி எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. சொகுசில் சாய்ந்துகொண்டு வாசித்த அமைதி இல்லை அது. சொந்தப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழேகூட நிம்மதியாக நிற்கவிடாத ஊரில், ஒரு மனிதன் முக்கால் மணி நேரத்துக்குத் தானே கட்டிக்கொண்ட இடம். அங்கே யாரும் யாரையும் நகரச் சொல்வதில்லை. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் வழிவிடுகிறார்கள். கேட்கிற நமக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். 60 வருடம் தாண்டியும் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பது அதனால்தான் என்பது என் கட்சி.

இந்த ஆறு பேரும் சேர்ந்து மறுபடி ஸ்டூடியோவுக்குப் போகவே இல்லை. அவரவர் வழியில் பிரிந்தார்கள். கடைசியாக இருந்தவர் ட்ரம்ஸ் வாசித்த காப். 2020 மே மாதம், 91 வயதில் போனார். 'ஸோ வாட்' பாட்டில் மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் நொடியில் ஒரு சிம்பல் அடி விழுமே, அதைக் கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டோமோ என்று அப்போது தோன்றியதாகக் காப் சொல்லியிருக்கிறார். அந்த அதிர்வு அடங்க நேரமாகும். மைல்ஸ் அதன் மேலேயே நடந்துபோவார்.

இதையெல்லாம் சுருக்கி நண்பனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சுருக்கியும் ஏழு நிமிடம். கடைசிப் பாட்டு 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' பற்றித்தான் அதிகம் சொன்னேன். மெட்டு என்று ஒன்றே இல்லை, ஐந்து சுரவரிசைகள் மட்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருப்பது என்பது வாசிப்பவர் விருப்பம், நம் ராகமாலிகையில் விஸ்தாரம் செய்வது போல. நான்காவது வரிசையில் திடீரென்று ஸ்பெயின் நாட்டு வாடை அடிக்கும். அது எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை. ஹெட்ஃபோன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு முழுசாகக் கேளு என்று முடித்தேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. "உன் மெசேஜ் நாலு நிமிஷத்துக்கு மேல கேட்கல. ஆல்பம் போட்டேன், மூணாவது பாட்டுல தூங்கிட்டேன். நடுராத்திரி முழிச்சா ஏதோ காளைச் சண்டைக்கு ஊதற மாதிரி, ஆனா ரொம்பச் சோகமா போயிட்டிருந்துச்சு. எழுந்து உட்கார்ந்துட்டேன். அது எந்த பாட்டுடா?"